ஊரையே பாடமாக வைத்த டாக்டர் அம்மா

இந்த வருஷச் சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டபோது, வழக்கம்போல ஹாஸ்டல் சாம்பார், வார்டன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ராத்திரி ஆட்டம் சினிமாவுக்குப் போனது, இந்த ரகத்தில் ஒன்றை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் போன மலரிலும் அதற்கு முந்தைய மலரிலும் நம்ம ஆட்களே எழுதித் தீர்த்துவிட்டார்கள். அந்தச் சாம்பாரில் இன்னும் எவ்வளவு தண்ணீர்தான் ஊற்ற முடியும், சொல்லுங்க.

அதனால் நம் கல்லூரிக்கு வந்தே இராத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நாமெல்லாம் மண்வெட்டியும் கையுமாக ஒரு கிராமத்தில் போய் இறங்கியதற்குக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். எங்கள் செட் என்.எஸ்.எஸ். முகாம் ஞாபகம் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். 1981-ல் பத்து நாள் முகாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கி, பகலெல்லாம் மண் வெட்டிப் போட்டு ஒரு ரோடு போட்டோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். கடைசி நாள் கேம்ப் ஃபயர், மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து சர்டிஃபிகேட், குரூப் போட்டோ, பஸ். அடுத்த ஐப்பசி மழையில் அந்த ரோடு போய்விட்டது. அது போனதுகூடப் பெரிசில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருந்தது ரோடே இல்லை, குடிதண்ணீர்க் கிணற்றுக்கு ஒரு சுற்றுச்சுவர். ஒரு குழந்தை முந்தின வருஷம்தான் அதில் விழுந்து இறந்திருந்தது. அதை நாங்கள் தெரிந்துகொண்டது பஸ் ஏறும்போது, தண்ணீர் எடுக்க வந்த ஒரு பாட்டி சொல்லி. பத்து நாளில் அந்தப் பாட்டியிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவங்களும் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம் என்கிற மாதிரி சொன்னாங்க. நாங்கள் அடுத்த தடவை போகவே இல்லை. முகாம் வேறு ஊருக்கு மாறிவிட்டது.

பிற்பாடு பேங்க் வேலையில் திண்டுக்கல்லுக்கு மாற்றல் ஆகி மூன்று வருஷம் இருந்தேன். மதுரைக்குப் போகிற வழியில் சின்னாளபட்டி தாண்டுவதற்குள் பஸ்ஸில் கண்டக்டர் குரல் கொடுப்பார், காந்திகிராமம் இறங்குங்க என்று. அங்கே இறங்கிப் போய்ப் பழகியதில்தான் இந்த அம்மாவின் கதை முழுசாகத் தெரிந்தது. டாக்டர் டி.எஸ். சௌந்தரம். ஊர்க்காரர்களுக்கு அம்மா. அவ்வளவுதான்.

பஸ் முதலாளி வீட்டுப் பெண்

1904 ஆகஸ்ட் 18-ல் பிறந்தவர். அப்பா யார் என்று கேட்டால் மதுரையில் ரிக்ஷாக்காரர்கூடச் சொல்லியிருப்பார். டி.வி. சுந்தரம் ஐயங்கார். திருக்குறுங்குடி பூர்வீகம். 1911-ல் தொழில் தொடங்கி, நம்ம ஊர் ரோட்டில் நேரம் தவறாமல் பஸ் ஓட முடியும் என்று நிரூபித்துக் காட்டியவர். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று நம்ம தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அப்படிப்பட்ட வீட்டிலும் வழக்கம் வழக்கம்தான். சிறுமியாக இருந்தபோதே சொந்தத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சௌந்தரராஜன் டாக்டருக்குப் படித்தவர், நல்ல மனசுக்காரர். சில வருஷத்திலேயே அவர் காலமாகிவிட்டார். சௌந்தரத்துக்கு அப்போது இருபதை ஒட்டிய வயசு. 1920-களில் ஓர் ஐயங்கார் வீட்டில் அந்த வயசில் கணவனை இழந்த பெண்ணுக்கு என்ன விதித்திருந்தார்கள் என்பதை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. இன்றைய மாணவர்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் இருக்கிற பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். சொல்லத் தயங்குவார்கள் என்றால் அதுவே ஒரு பதில்.

சௌந்தரராஜன் தன் கடைசிக் காலத்தில் மனைவியிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு போனார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மூலையில் உட்காரக் கூடாது, படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்பது அது. அந்தக் காலத்தில் ஓர் ஆண்பிள்ளை சாகும்போது இப்படிச் சொல்லிவிட்டுப் போவதென்றால், அந்த மனுஷனுக்கே தனியாக ஒரு மலர் போடலாம்.

சௌந்தரம் படிக்கப் போனார். விட்ட இடத்திலிருந்து பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, டில்லியில் பெண்களுக்கென்றே இருந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தன்னைவிடப் பத்து வயசு சின்னப் பெண்களோடு சரிசமமாக உட்கார்ந்து படித்து 1936-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வயசு 32. அரியர் வைத்து ஐந்தாவது வருஷத்தில் டிகிரி முடித்த நம்ம செட் நண்பர்கள் சிலர் (பேர் சொல்ல மாட்டேன், அவர்களே இந்த விழாவில் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்) இதைப் படித்துத் தெம்பு பெறலாம்.

அதே கல்லூரியில் படித்தவர் சுசீலா நய்யார். காந்தியின் செயலாளர் பியாரேலாலின் தங்கை. அந்தச் சிநேகத்தால் சௌந்தரத்துக்குக் காந்தியிடம் போக வழி கிடைத்தது. டில்லியில் அரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஜி. ராமச்சந்திரனையும் சந்தித்தார். திருவிதாங்கூர்க்காரர், சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர், காந்தியின் நெருங்கிய சீடர், பேச ஆரம்பித்தால் கூட்டம் அசையாது.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். மறுமணம், அதிலும் வேறு ஜாதி, வேறு மொழி. வீட்டில் சம்மதம் இல்லை. விஷயம் காந்தியிடம் போனது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவும் கூடாது, கடிதமும் எழுதக் கூடாது, அதற்குப் பிறகும் மனசு மாறாமல் இருந்தால் வாருங்கள் என்று நிபந்தனை போட்டார். வருஷம் போனது. மனசு மாறவில்லை. 1940 நவம்பர் 7-ல் சேவாகிராமத்தில் காந்தியும் கஸ்தூர்பாவும் முன்னே நிற்கக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வேட்டிக்குக் காந்தி நூற்ற நூல், பெண்ணின் புடவைக்குக் கஸ்தூர்பா நூற்ற நூல் என்று சொல்வார்கள்.

சின்னாளபட்டிக்கு வந்த டாக்டர்

அந்தப் படிப்புக்கும் அந்தக் குடும்பத்துக்கும் அவர் மதுரையிலோ மதராஸிலோ ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டு ராணி மாதிரி இருந்திருக்கலாம். பெண் டாக்டர் என்றால் அப்போது கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் 1944-ல் கஸ்தூர்பா சிறையில் இறந்த பிறகு, அவர் பெயரில் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நிதி திரட்டி அறக்கட்டளை அமைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பார்க்கும் பொறுப்பைக் காந்தி சௌந்தரத்திடம் கொடுத்தார். கிராமத்துக்குப் போய் வேலை செய்கிற பெண்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுப்பதுதான் முதல் வேலை. போதனை செய்ய ஆள் கிடைக்கும். பிரசவம் பார்க்கவும் பால்வாடி நடத்தவும் கிராமத்தில் தனியாகத் தங்கவும் ஒரு பெண் கிடைப்பது லேசில்லை.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்து, சௌந்தரம் அம்மாவின் ஆதரவில் மதுரையில் கல்லூரிப் படிப்பு படித்தவர் கிருஷ்ணம்மாள். ஆமாம், பிற்பாடு கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து கீழத்தஞ்சை நிலமில்லாத ஏழைகளுக்காக வாழ்நாளைக் கொடுத்து, 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று நிலம் வாங்கிக் கொடுத்த அதே கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்தான். 2008-ல் சுவீடன் நாட்டு மாற்று நோபல் பரிசு, 2020-ல் பத்மபூஷண். ஒரு மாணவிக்கு ஃபீஸ் கட்டுவது என்பது ஒன்று. அவளைக் கூடவே வைத்துக்கொண்டு சேவை எப்படி நடக்கிறது என்று காட்டிக்கொடுப்பது வேறு. அம்மா இரண்டையும் செய்தார்.

1947 அக்டோபர் 7-ல் காந்திகிராமம் தொடங்கியது. சுதந்திரம் வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. சிறுமலைத் தொடர் ஒரு பக்கம், சின்னாளபட்டி நெசவாளர் தெருக்கள் இன்னொரு பக்கம், நடுவில் மேட்டுக்காடு. அன்றைக்கு அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதே 1985-ல்தான். முதலில் வந்தது ஒரு சின்ன மருத்துவ நிலையம், பிரசவத்துக்கு. அதுதான் வளர்ந்து கஸ்தூர்பா மருத்துவமனை ஆயிற்று. அப்புறம் சேவிகாக்களுக்குப் பயிற்சி, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம், கதர், கிராமத் தொழில்கள். அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வந்து, காந்தியின் பக்கம் சாய்ந்ததற்காக வெள்ளைக்கார அரசாங்கத்தால் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்த ரால்ஃப் கெய்த்தான் ஐயாவும் ஆரம்ப காலத்தில் தோள் கொடுத்தவர்களில் ஒருவர்.

இதையெல்லாம் அடுக்கிக்கொண்டு போனால் நினைவுச் சின்னத்துக் கல்வெட்டு மாதிரி ஆகிவிடும். நமக்கு வேண்டியது 1956.

காலேஜ் ஊருக்குப் போனது

சுதந்திரம் வந்ததும் பல்கலைக்கழகங்களை என்ன செய்யலாம் என்று பார்க்க டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். 1948–49. அதில் ஆர்தர் மார்கன் என்று ஓர் அமெரிக்கர் உறுப்பினர். அவர் சாமானிய ஆள் இல்லை. எஞ்சினியர், அந்த நாட்டின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்கு முதல் தலைவர். அதற்கு முன்னால் 1920-களில் ஒஹையோ மாகாணத்தில் ஆன்டியாக் என்ற சின்னக் கல்லூரியைத் தலைகீழாக மாற்றியவர். அங்கே மாணவர்கள் சில மாசம் வகுப்பில் உட்கார்ந்தால், சில மாசம் வெளியே போய் நிஜமான இடத்தில் நிஜமான வேலை பார்க்க வேண்டும். திரும்பி வந்து மறுபடி வகுப்பு. வேலையும் படிப்பில் சேர்த்தி. அதே மார்கன்தான் நம்ம கமிஷன் அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகம் என்கிற அத்தியாயத்துக்குப் பின்னால் இருந்தவர். காந்தியின் ஆதாரக் கல்வி ஒரு பக்கமிருந்து வந்தது, மார்கனின் யோசனை இன்னொரு பக்கமிருந்து வந்தது. கைகளால் செய்து கற்றுக்கொள்வது என்கிற இடத்தில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

அதற்குப் பிறகு கே.எல். ஸ்ரீமாலி தலைமையில் ஒரு குழு, அதன் சிபாரிசில் 1956-ல் கிராம உயர்கல்விக்கு ஒரு தேசியக் கவுன்சில், நாடு முழுக்கப் பத்துக்கு மேல் கிராமியக் கல்வி நிறுவனங்கள். தமிழ்நாட்டில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்று, காந்திகிராமத்தில் ஒன்று. காந்திகிராமத்துக்கு ராமச்சந்திரன் இயக்குநர்.

இங்கேதான் மற்ற இடங்களுக்கும் காந்திகிராமத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக முதலில் காலேஜ் கட்டுவார்கள். அப்புறம் பையன்களை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று தேடுவார்கள். நம்ம முகாம் அப்படித்தான். காந்திகிராமத்தில் காலேஜ் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே ஆஸ்பத்திரி இருந்தது, குழந்தைகள் இல்லம் இருந்தது, கதர் வேலை இருந்தது, சுற்றுவட்டாரத்து ஊர்களில் சேவிகாக்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் கிணறு வறண்டது, எந்தத் தெருக்காரர்கள் எந்தத் தெருவில் தண்ணீர் எடுக்க முடியாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மாணவன் போய்ச் சேர்ந்தது காலி மைதானத்தில் இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலையில், அந்த வேலை தெரிந்தவர்களுக்குக் கீழே. அங்கே என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது வாத்தியார் மட்டும் இல்லை, அந்தச் சேவிகாவும்தான்.

மூன்று வருஷப் படிப்பு, கிராமிய சேவை டிப்ளமோ. வகுப்பு உண்டு, பரீட்சை உண்டு. கூடவே விடுதியைத் தானே சுத்தம் செய்வது, ராட்டை நூற்பது, பிரார்த்தனை, சிரமதானம், கிராமத்தில் போய்த் தங்கி வீடு வீடாகக் கணக்கெடுப்பது. மாணவர்களே சேர்ந்து நடத்திய சாந்தி சேனை, அதாவது அமைதிப் படை, காந்திகிராமத்தின் தனி முத்திரை. திருவிழாவில் கூட்டம் ஒழுங்குபடுத்துவதிலிருந்து கலவர நேரத்தில் நடுவில் நிற்பதற்குத் தயாராவது வரை பயிற்சி. கிராமத்தில் போய்த் தங்குகிற திட்டம் இன்றைக்கும் அங்கே படிப்பின் ஒரு பகுதி. அங்கே படித்த ஒருவர் பஸ்ஸில் என்னிடம் சொன்னது, முதல் நாள் ராத்திரி கயிற்றுக் கட்டிலில் தூக்கம் வராமல் ஓடிப்போகலாமா என்று நினைத்தாராம். கடைசி நாள் அந்த வீட்டுக்காரர்கள் அவரைச் சொந்தக்காரர் மாதிரி வழியனுப்பினார்களாம்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது மலர்ப் பொய். டிப்ளமோவை மத்திய அரசு பி.ஏ.வுக்குச் சமம் என்று சொல்லிவிட்டது. ஆனால் மேல்படிப்புக்குப் போனால் பல பல்கலைக்கழகங்கள் யோசித்தன, வேலைக்குப் போனால் இது என்ன சான்றிதழ் என்று கேட்டார்கள். மூன்று வருஷம் சேற்றில் இறங்கி வேலை கற்றுக்கொண்ட பையனுக்கு, நகரத்துக் கல்லூரியில் கைடு புத்தகம் படித்து டிகிரி வாங்கியவனுக்குக் கிடைத்த மரியாதை இல்லை. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இது பெரிய மனக்குறை. நியாயமான குறை என்றே நானும் சொல்வேன். சேவை மனப்பான்மையை வளர்த்துக்கொள் என்று பையனிடம் சொல்லிவிட்டு, அவன் தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டியவன் என்பதை மறந்துவிட்டால் எப்படி? நாட்டில் இருந்த கிராமியக் கல்வி நிறுவனங்களில் பல இந்த நெருக்கடியில் காலப்போக்கில் சாதாரணக் கல்லூரிகளாக மாறிப்போயின. காந்திகிராமம் தாக்குப்பிடித்தது. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்து, ராமச்சந்திரன் முதல் துணைவேந்தர் ஆனார். டிகிரி தன் பெயரிலேயே கொடுக்கலாம் என்று ஆவதற்கு இருபது வருஷம்.

டில்லியில் ஐந்து வருஷம்

இதற்கிடையில் அம்மா அரசியலிலும் இருந்தார். 1952-ல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும், 1957-ல் வேடசந்தூரிலிருந்தும் காங்கிரஸ் சார்பில் சட்டசபைக்குப் போனார். ஆத்தூர் என்றால் சேலம் ஆத்தூர் இல்லை, சின்னாளபட்டிக்குப் பக்கத்து ஆத்தூர். 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கு. அதே வருஷம் பத்மபூஷண். நேரு மந்திரிசபையில் கல்வித்துறைத் துணை அமைச்சர். அப்போது கல்வி அமைச்சர் யார் தெரியுமா? கிராம உயர்கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்த அதே ஸ்ரீமாலி.

சௌந்தரம் அம்மாதான் என்.எஸ்.எஸ்.ஸைத் தொடங்கினார் என்று பல இடத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். தேதியைப் பார்த்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். என்.எஸ்.எஸ். தொடங்கியது காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களோடு. அன்றைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். அம்மாவின் பதவிக்காலம் 1967 தேர்தலோடு முடிந்துவிட்டது. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸே ஆட்சியை இழந்தது, அம்மாவும் மக்களவைக்குத் திரும்பவில்லை.

ஆனால் 1969-ல் பிள்ளை பிறந்தது என்றால் கர்ப்பம் அதற்கு முன்னால்தானே? மாணவர்கள் ஒரு காலம் சமூக சேவை செய்ய வேண்டும் என்ற பேச்சு 1950-லிருந்தே நடந்துகொண்டிருந்தது. கட்டாயமாக ஒரு வருஷம் வைப்பதா, விருப்பமாக விடுவதா, படிப்பு முடிந்த பிறகா, படிக்கும்போதேயா என்று 1959-ல் தேஷ்முக் குழு, 1960-ல் வெளிநாடுகளைப் பார்த்து சையிதைன் எழுதிய அறிக்கை, 1964–66-ல் கோத்தாரி கமிஷன் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தார்கள். கடைசியில் படிக்கும்போதே, விருப்பமுள்ளவர்கள், படிப்போடு சேர்த்து என்று முடிவாயிற்று. இந்தப் பேச்சு சூடாக இருந்த அந்த ஐந்து வருஷம் கல்வித்துறையில் உட்கார்ந்திருந்தவர்களில் படிப்பையும் கிராமத்தையும் கையால் சேர்த்துக் கட்டிப் பார்த்த அனுபவசாலி அம்மா. ஆகவே தொடங்கியவர் என்பதைவிட வழி போட்டவர்களில் முக்கியமானவர் என்று சொன்னால் சரியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், அதுபோக முகாம் என்பது கணக்கு. எங்கள் காலத்தில் பத்து நாள், இப்போது ஏழு நாள். கணக்கை எந்த அரசாங்கமும் எழுதிவிடலாம். காந்திகிராமத்தில் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த ஆஸ்பத்திரியையும் சேவிகாவையும் குழந்தைகள் இல்லத்தையும் டில்லியிலிருந்து தபாலில் அனுப்ப முடியாது. நம்ம முகாம் ரோடு கரைந்துபோன இரகசியம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நம்ம ஊரில் அப்படிப்பட்ட இல்லங்களும் சங்கங்களும் இல்லாமல் இல்லை. நாம் போய்க் கதவைத் தட்டவில்லை.

திரும்பி வந்தவர்

பதவி போனதும் அம்மா டில்லியில் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. காந்திகிராமத்துக்கே வந்துவிட்டார். பெரிய பெரிய பதவி பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பினால் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை பேசுவதைப் பார்த்திருக்கிறோம் (நான் இந்த மலரில் செய்வதும் அதுதான்). அம்மாவுக்கு ஆஸ்பத்திரி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லாதவர், இல்லத்தில் வளர்ந்த அத்தனை பேருக்கும் அம்மா. வேலைக்குப் போன பிள்ளைகள் லீவுக்கு எங்கே போவார்கள்? அங்கேதான்.

1984 அக்டோபர் 21-ல் காலமானார். வயசு எண்பது. நான் பட்டம் வாங்கி, வேலைக்கு அப்ளிகேஷன் மேல் அப்ளிகேஷனாகப் போட்டுக்கொண்டிருந்த வருஷம். பேப்பரில் செய்தி வந்திருக்கும். பத்து நாளைக்குள் இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி வந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவர் அமைத்த வழியில் மூன்று வருஷம் முன்னால் மண்வெட்டி தூக்கியவன் நான், அவர் பேரே தெரியாமல் இருந்தேன். 2005-ல் தபால் துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. ராமச்சந்திரன் அவருக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருந்து, 1995-ல் மறைந்தார்.

திண்டுக்கல்லில் இருந்த கடைசி வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய முகாம் ஊருக்கு நானும் இன்னொரு நண்பனுமாகப் போனோம். கூட மண் சுமந்தவன், இந்த விழாவுக்கும் வருகிறான். அந்தப் பாட்டி இல்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருந்தது. யார் கட்டியது என்று விசாரித்தோம். ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் பணம் போட்டு, ஆள் வைத்துக் கட்டிக்கொண்டார்களாம். மாணவர்கள் வந்தார்களே என்று கேட்டதற்கு, எந்த மாணவர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.

இதைப் போன வருஷச் சங்கப் பொதுக்குழுவில் நான் சொல்லப்போய், பேச்சு வளர்ந்து, ஒரு சின்ன ஏற்பாடு ஆகியிருக்கிறது. நம்ம கல்லூரிக்கு மூன்று கிலோமீட்டரில் ஒரு முதியோர் இல்லமும், அதற்கு அடுத்த தெருவில் மாலைப் பள்ளி நடத்துகிற ஒரு சிறிய சங்கமும் இருக்கின்றன. முதலில் போய் அவர்களையே கேட்டோம், பையன்கள் என்ன செய்தால் உதவி என்று. நாங்கள் நினைத்துக்கொண்டு போனது பெயின்ட் அடிப்பது, மரம் நடுவது. அவர்கள் கேட்டது வேறே. இல்லத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், பென்ஷன் மனு எழுத ஆள் வேண்டும். மாலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக் கணக்குச் சொல்லித்தர, வருஷம் முழுக்க வருகிற அதே முகம் வேண்டும். மாசத்துக்கு ஒருத்தர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று அந்தச் சங்கத்து அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இப்போது பதினான்கு மாணவ மாணவியர் சனிக்கிழமைதோறும் போகிறார்கள். ஆரம்பத்தில் இருபத்திரண்டு பேர். வருகைப் பதிவை வைத்திருப்பது இல்லத்து வார்டன், நம்ம ஆசிரியர் இல்லை. மாசக் கடைசியில் அந்தச் சங்கத்து அம்மாவும் வார்டனும் நம்ம ஆசிரியரும் மாணவர்களும் வராந்தாவில் உட்கார்ந்து, எது நடந்தது எது நடக்கவில்லை என்று பேசுகிறார்கள். முதல் கூட்டத்தில் மாணவர்களைவிட நம்ம ஆசிரியருக்குத்தான் அதிகம் கிடைத்தது என்று கேள்வி. பஸ் செலவுக்குச் சங்க நிதியிலிருந்து கொடுக்கிறோம். அந்தக் கணக்கு பொருளாளர் அறிக்கையில் தனியாக வரும். எந்தச் சனிக்கிழமையும் போய்ப் பார்க்கலாம். சாயந்திரம் நாலரை மணிக்கு மேல் போனால் கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும், கொஞ்சம் சத்தமாகவே.

– பழைய என்.எஸ்.எஸ். மாணவன், 1980–83 செட்